டியூபை எடுக்கும் நாளுக்கு முன்னும் பின்னும்: குழந்தை வென்டிலேட்டரில் இருக்கும் பெற்றோருக்கு

குழந்தை ஐசியுவில் வென்டிலேட்டரில் இருக்கிறது, பெரிய ஆபத்து கொஞ்சம் தணிந்திருக்கிறது, "இனி மெதுவா வீன் பண்ணலாம்" என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மெஷினின் உதவியைப் படிப்படியாகக் குறைப்பதைத்தான் வீன் பண்ணுவது, வீனிங் என்கிறார்கள். அந்த இடத்தில் நிற்கிற அப்பா அம்மாவுக்காக இதை எழுதுகிறேன். நாங்களும் அங்கே நின்றவர்கள்தான். அந்த ஒரு வரிக்கும் குழந்தை தானாக மூச்சு விடுகிற நேரத்துக்கும் நடுவில் என்ன நடக்கும், எது தாமதமாகும், எதற்குக் கையெழுத்து கேட்பார்கள், பணம் எதில் போகும் என்று வரிசையாகச் சொல்ல எங்களுக்கு ஆள் இல்லை. துண்டு துண்டாகக் கேட்டும் படித்தும் சேர்த்ததுதான் இது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தொண்டை வழியாக மூச்சுக்குழலுக்குள் போட்டிருக்கும் டியூபை எப்போது எடுப்பது என்ற முடிவு டாக்டருடையது. இதில் உள்ள எண்களை வைத்துக்கொண்டு யாரோடும் வாதாடப் போகாதீர்கள், சரியான கேள்வி கேட்கப் பயன்படுத்துங்கள். குறைமாதத்தில் பிறந்த சிசுக்களின் நிலை வேறு, நுரையீரலே முழுதாக வளர்ந்திருக்காது, மூச்சைத் தூண்ட காஃபீன் கொடுப்பது போன்ற தனி முறைகள் உண்டு. இங்கே சொல்வது அவர்களைவிடப் பெரிய குழந்தைகளுக்கு.

1. முதலில் கேள்வியை மாற்றுங்கள்

எல்லோரும் கேட்பது, "டாக்டர், எப்போ டியூபை எடுப்பீங்க?" கிடைக்கும் பதில், "பார்க்கலாம்." அல்லது ஒரு தோராயமான தேதி. அந்தத் தேதி தள்ளிப்போனால் நாம் உடைந்துபோகிறோம், டாக்டர் மேலேயே சந்தேகம் வந்துவிடுகிறது.

அதற்குப் பதிலாக இப்படிக் கேளுங்கள்: "இன்னைக்கு எடுக்க முடியாம தடுக்கிறது எது?"

இதற்கு உருப்படியான பதில் வரும். சளி இன்னும் கெட்டியாக இருக்கிறது, மயக்க மருந்து குறையவில்லை, உடம்பில் நீர் சேர்ந்திருக்கிறது, இதயம் இன்னும் பலமாகவில்லை என்று ஏதாவது ஒன்றோ இரண்டோ சொல்வார்கள். அதை எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் அதையே திரும்பக் கேளுங்கள்: "நேத்து சளின்னு சொன்னீங்க, இன்னைக்கு எப்படி இருக்கு?" தடைகள் ஒவ்வொன்றாக விலகுவது உங்கள் கண்ணுக்கே தெரியும். ஒரே தடை நாலு நாளாக அப்படியே இருந்தால், அதற்கு என்ன செய்கிறார்கள் என்று கேட்கவும் உங்களுக்குக் காரணம் இருக்கும்.

காலை ரவுண்ட்ஸ் நேரத்தில் கேளுங்கள். அன்றைய திட்டம் அப்போதுதான் முடிவாகும். இரவு டியூட்டியில் இருப்பவரிடம் கேட்டால் அவருக்குத் தெரிந்ததைச் சொல்வார், காலையில் பெரிய டாக்டர் வேறு சொல்வார், நடுவில் நீங்கள் தூக்கத்தைத் தொலைப்பீர்கள். முடிந்தால் குடும்பத்தில் ஒரே ஆள் கேட்கட்டும், மற்றவர்களுக்கு அவர் சொல்லட்டும்.

இந்தத் தினசரி விசாரிப்பு வெறும் மன ஆறுதலுக்கு இல்லை. பிரிட்டனில் 18 குழந்தைகள் ஐசியுக்களில் நடந்து 2021-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று இருக்கிறது. மயக்கத்தின் இலக்கை வைத்து, தயாரா என்று தினமும் பார்த்து, தயாரானவுடன் சோதித்து, இதையெல்லாம் நர்ஸும் டாக்டரும் சேர்ந்து ஒழுங்காகச் செய்தபோது டியூபை எடுக்க ஆன நேரத்தின் நடுமதிப்பு 66.2 மணியிலிருந்து 64.8 மணியாகக் குறைந்தது. சின்னக் குறைவுதான். ஆனால் தினமும் பார்ப்பதுதான் சரியான வழி என்பதற்கு அது போதும். "தினமும் தயாரான்னு பார்க்கிறீங்களா?" என்று நீங்கள் கேட்பதில் தப்பே இல்லை.

2. ஏன் போட்டார்கள் என்பதை வைத்து நாட்களை எண்ணுங்கள்

பக்கத்துப் படுக்கைக் குழந்தைக்கு இரண்டே நாளில் எடுத்துவிட்டார்கள், நம் குழந்தைக்கு மட்டும் ஏன் இல்லை என்ற வேதனை எல்லோருக்கும் வரும். காரணம் வேறாக இருக்கும். ஆபரேஷனுக்காகப் போட்டது சில மணி நேரத்திலேயே வரலாம். கைக்குழந்தைகளுக்கு வருகிற மூச்சுக்குழல் சளித் தொற்று என்றால் பல நாட்கள். கிலான் பாரே மாதிரி நரம்பு தளர்கிற நோயில் வாரக்கணக்கு, ஏனென்றால் அங்கே நுரையீரல் நன்றாக இருந்தாலும் மூச்சை இழுக்கும் தசைக்குப் பலம் திரும்ப வேண்டும். இதய நோயுள்ள குழந்தைக்கு மெஷினின் அழுத்தமே இதயத்துக்கு ஒரு தாங்கலாக இருக்கிறது, அதை எடுத்தால் இதயத்தின் வேலை கூடும், அதனால் நிதானமாகத்தான் போவார்கள்.

3. மானிட்டரில் எதைப் பார்ப்பது, எதை விடுவது

திரையில் இருக்கும் அத்தனை எண்ணையும் பார்த்துக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடிக்கும். எடுப்பதற்கு நெருங்குகிறோமா என்று தெரிய இவை போதும்.

ஆக்சிஜன் அளவு. வெளிக்காற்றில் 21 சதவீதம், மெஷின் 100 வரை கொடுக்கும். 40 முதல் 50 சதவீதத்துக்குள் வந்து, விரலில் மாட்டியிருக்கும் கருவியில் அளவு சரியாக நின்றால் ஒரு கட்டம் தாண்டியாயிற்று என்று பொருள்.

பீப். மூச்சை விட்ட பிறகும் நுரையீரல் சுருங்கிவிடாமல் மெஷின் தாங்கிப் பிடிக்கும் அழுத்தம். பொதுவாக 5-இலிருந்து 8-க்குள் வந்தால்தான் எடுப்பதைப் பற்றிப் பேசுவார்கள்.

மெஷின் நிமிடத்துக்கு எத்தனை மூச்சு கொடுக்கிறது, அதற்கு மேல் குழந்தை தானாக எத்தனை எடுக்கிறது. இதை சிஸ்டரிடம் ஒரு தடவை காட்டச் சொல்லுங்கள். தன் மூச்சு கூடிக்கொண்டே வர வேண்டும்.

எண்கள் ஒரு நாள் இறங்கும், மறுநாள் கொஞ்சம் ஏறும். இரவில் ஏற்றி வைத்துக் காலையில் குறைப்பதும் உண்டு. ஒரு மணி நேரத்து மாற்றத்தைப் பார்க்காதீர்கள், இரண்டு மூன்று நாள் போக்கைப் பாருங்கள். அலாரம் அடிக்கும்போது திரையைப் பார்க்காமல் முதலில் குழந்தையைப் பாருங்கள். பல அலாரங்கள் குழந்தை இருமியதாலோ காலை ஆட்டியதாலோ வருபவை.

4. மயக்க மருந்து: பாதித் தாமதம் இங்கேதான்

நுரையீரல் சரியாகிவிட்டது, எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது, ஆனால் குழந்தை கண்ணே திறக்கவில்லை. இந்த நிலையில் நிறையப் பெற்றோர் மாட்டிக்கொள்கிறார்கள். அதனால் இதைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன்.

தொண்டையில் டியூபோடு ஒரு குழந்தையை அமைதியாக வைத்திருக்க மருந்து வேண்டும். ஃபென்டனில், மார்ஃபின், மிடாசோலம், டெக்ஸ்மெடிடோமிடின் என்ற பெயர்கள் காதில் விழும். கூடினால் குழந்தை தானாக மூச்சு எடுக்காது, இருமாது. குறைந்தால் பதறிப்போய் டியூபைக் கையாலேயே இழுத்துவிடும், அது உண்மையான ஆபத்து. இந்த இரண்டுக்கும் நடுவில் நிறுத்துவதுதான் நர்ஸ்களின் பெரிய வேலை, அதற்கு மதிப்பெண் முறைகள் வைத்திருக்கிறார்கள். "இன்னைக்கு மயக்கத்துக்கு இலக்கு என்ன, இப்ப எங்கே இருக்கு?" என்று கேளுங்கள்.

சிறுநீரகமோ கல்லீரலோ பாதிக்கப்பட்டிருந்தால் சில மருந்துகள் நிறுத்திய பிறகும் உடம்பில் தங்கும். மிடாசோலமும் மார்ஃபினும் அப்படிப்பட்டவை. "மருந்தை நிறுத்தியாச்சு, ஏன் இன்னும் விழிக்கல" என்று நீங்கள் பயப்படும் நேரத்தில் இதையும் கேட்டுப் பார்க்கலாம். தசையைத் தளர்த்தும் மருந்து ஓடிக்கொண்டிருந்தால் அது தனி விஷயம், அது நிற்கும் வரை வீனிங் பேச்சே இல்லை.

அடுத்தது, மருந்து விடுபடும்போது வரும் தொல்லை. ஐந்து நாள் அல்லது அதற்கு மேல் இந்த மருந்துகள் தொடர்ந்து ஓடியிருந்தால் உடம்பு பழகிவிடும். திடீரென்று குறைத்தால் வியர்வை, நடுக்கம், வயிற்றுப்போக்கு, வாந்தி, கொட்டாவி, தூக்கமே இல்லாத அழுகை, காய்ச்சல் எல்லாம் வரும். இதைப் புதுத் தொற்று என்றோ மூச்சுத் திணறல் என்றோ எடுத்துக்கொண்டு வீனிங்கையே நிறுத்திவிடும் வாய்ப்பு உண்டு. இதற்கு வாட்-1 என்று 12 மதிப்பெண்ணுக்கு ஒரு அளவுகோல் இருக்கிறது, 3-ம் அதற்கு மேலும் வந்தால் விடுபடும் தொல்லை என்று சந்தேகிப்பார்கள். ஐந்து நாள் தாண்டியிருந்தால், "குறைக்கிறதுக்கு அட்டவணை இருக்கா? எத்தனை நாள்ல, எவ்வளவு எவ்வளவா?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். குளோனிடின், மெத்தடோன், லோராசிபம் மாதிரி வாய்வழி மருந்துக்கு மாற்றி, தினம் கொஞ்சமாகக் குறைப்பது பரவலான வழக்கம்.

இங்கே உங்கள் கை நிஜமாகவே உதவும். அனுமதித்தால் பக்கத்தில் இருங்கள். குழந்தைக்குத் தெரிந்த குரல், பழகிய துணி, பொம்மை, பெரிய பிள்ளையாக இருந்தால் அதன் கண்ணாடி, காது கருவி, பகலில் வெளிச்சம், ராத்திரியில் இருட்டு. இவை மருந்தின் தேவையைக் குறைக்க உதவும், பிதற்றலையும் குழப்பத்தையும் தவிர்க்க உதவும். குழந்தை வழக்கமாக எப்படி அழும், எதற்குச் சமாதானமாகும் என்று சிஸ்டரிடம் சொல்லிவையுங்கள், வேறு யாருக்கும் அது தெரியாது. இன்னொன்று, டியூப் குரல் நாண்களுக்கு நடுவே போவதால் குழந்தை அழுதால் சத்தம் வராது. வாய் திறந்து முகம் சிவந்து சத்தமில்லாமல் அழுவதைப் பார்ப்பது கொடுமையாக இருக்கும். தயாராகப் போங்கள். அப்போது கையைப் பிடித்துக்கொண்டு பேசுங்கள், அதற்குக் கேட்கும்.

5. எடுப்பதற்கு முன் டிக் ஆக வேண்டியவை

எடுக்க நெருங்கும் நாட்களில் டாக்டர்கள் மனதில் ஓடுகிற பட்டியல் ஏறக்குறைய இது. எதை எதை முடித்திருக்கிறார்கள் என்று கேட்கலாம்.

சக்‌ஷன் போடும்போது, அதாவது மெல்லிய குழாயை விட்டுச் சளியை உறிஞ்சும்போது, பலமாக இருமுகிறதா. எத்தனை மணிக்கு ஒரு தடவை சக்‌ஷன் தேவைப்படுகிறது. அரை மணிக்கு ஒரு தடவை என்றால் இன்னும் நேரம் வரவில்லை.

உடம்பில் நீர் சேர்ந்திருக்கிறதா. உள்ளே போனது, வெளியே வந்தது என்று தினக்கணக்கு வைத்திருப்பார்கள். கண் இமை, கால், முகம் வீங்கியிருந்தால் ஃப்யூரோஸெமைடு கொடுத்து நீரை இறக்கிவிட்டுத்தான் முயற்சி செய்வார்கள். நுரையீரலில் தேங்கிய நீரும் அதில்தான் குறையும்.

பொட்டாசியம், பாஸ்பேட், மெக்னீசியம் சரியாக இருக்கிறதா. இவை குறைந்தால் மூச்சுத் தசை சோர்ந்துவிடும். ஊட்டம் போதுமான அளவு போகிறதா என்பதும் அதே காரணத்துக்காகத்தான். நாட்கணக்கில் மெஷின் வேலை செய்தால் மூச்சை இழுக்கும் முக்கியத் தசையான உதரவிதானம் சும்மா இருந்து மெலிகிறது.

தொண்டை வீங்கியிருக்குமா. டியூபைச் சுற்றிக் காற்று கசிகிறதா என்று பார்ப்பார்கள். கசியவே இல்லை என்றால், அல்லது டியூப் போடவே பலமுறை முயல வேண்டியிருந்தது என்றால், எடுத்த பிறகு மூச்சுப்பாதை அடைக்கும் வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்ட குழந்தைகளுக்கு வீக்கத்தைக் குறைக்கும் டெக்ஸாமெத்தசோனைக் கடைசி நிமிடத்தில் கொடுத்துப் பயனில்லை, குறைந்தது 6 மணி நேரம் முன்பாவது தொடங்கினால் நல்லது என்பது 2023-இல் வந்த சர்வதேச வழிகாட்டலின் பரிந்துரை. நாளை காலை எடுப்பதாக இருந்தால் இதை இன்று மாலையே கேட்டுவிடுங்கள்.

6. தானாக மூச்சு விடும் சோதனை

டியூபை எடுக்காமலே மெஷினின் உதவியை மட்டும் மிகக் குறைந்த அளவுக்கு இறக்கிவிட்டு, குழந்தை தாக்குப்பிடிக்கிறதா என்று பார்ப்பார்கள். சாதாரணமாக 30 நிமிடம். தோற்கும் வாய்ப்பு அதிகம் என்று நினைக்கும் குழந்தைக்கு 60 முதல் 120 நிமிடம் வரை.

எந்த உதவியும் இல்லாமல் வெறும் பீப் அழுத்தத்தில் விடுவது ஒரு முறை, கொஞ்சம் தள்ளிவிடும் அழுத்தத்தோடு விடுவது இன்னொரு முறை. குழந்தையின் டியூப் மெலிசு, அதன் வழியாக இழுப்பது உறிஞ்சுகுழலில் மூச்சு விடுவது மாதிரி, அதனால் உதவி கொடுக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஒரு கருத்து இருந்தது. ஆனால் அப்படி உதவியோடு தேர்ச்சி பெற்ற குழந்தை டியூபை எடுத்த பிறகு திணறலாம், ஏனென்றால் வீங்கிய தொண்டையும் அதே அளவு தடைதான். அதனால் ஆபத்து அதிகமுள்ள குழந்தைகளுக்குத் தள்ளும் அழுத்தம் இல்லாமல் சோதிப்பதையே மேலே சொன்ன 2023 வழிகாட்டல் சொல்கிறது.

அந்த நேரத்தில் நீங்கள் உள்ளே இருந்தால் மூக்குத் துவாரம் விரிவது, விலா எலும்புகளுக்கு நடுவே குழி விழுவது, தலை ஆடுவது, வியர்ப்பது இதையெல்லாம் கவனிப்பார்கள் என்று தெரிந்திருங்கள். சோதனையில் தேறவில்லை என்றால் பழைய அளவுக்குத் திரும்ப ஏற்றிவிடுவார்கள், குழந்தைக்கு ஒன்றும் ஆகாது, பெரும்பாலும் மறுநாள் மறுபடி பார்ப்பார்கள். எதனால் தேறவில்லை என்று மட்டும் கேளுங்கள், அதுதான் அன்றைய தடை.

தேறினாலும் வெற்றி உறுதி இல்லை. இது மூச்சுத் தசையையும் நுரையீரலையும் காட்டும், தொண்டை வீக்கத்தைக் காட்டாது.

7. காகிதங்கள்

ஒரு கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தில் ஒரே தாள்: குழந்தையின் இப்போதைய எடை, ஒவ்வாமை, பழைய ஆபரேஷன்கள், முன்பு மயக்கம் கொடுத்தபோது வந்த சிக்கல், டியூப் போட்ட தேதி, டியூபின் அளவு, போடுவது கஷ்டமாக இருந்ததா இல்லையா. கடைசி விஷயத்தைக் கண்டிப்பாக எழுத்தில் வாங்குங்கள். வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்ற நேர்ந்தால் அங்கே முதலில் கேட்பது அதைத்தான்.

கையெழுத்துகளில் பொறி இருக்கிறது. டியூபை எடுப்பதற்குத் தனியாகக் கையெழுத்து கேட்காத இடங்களும் உண்டு. ஆனால் மறுபடி போடுவது, மூச்சுக்குழலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது, கழுத்து வழியாகத் துளை போடுவது போன்றவற்றுக்குக் கேட்பார்கள். சில சமயம் எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கொடுப்பார்கள். ஒவ்வொன்றும் எதற்கு என்று கேட்டுவிட்டுப் போடுங்கள், அவசரம் இல்லாத நேரத்திலேயே கேளுங்கள். அப்பா அம்மாவில் ஒருவர் ஊரில் இல்லை என்றால் யார் கையெழுத்து செல்லும் என்று முன்கூட்டியே விசாரியுங்கள். தாத்தா பாட்டி கையெழுத்து எல்லா இடத்திலும் ஏற்கப்படாது.

தீராத கடும் நோயுள்ள குழந்தையென்றால், "எடுத்த பிறகு திணறினால் மறுபடி போட வேண்டுமா" என்ற பேச்சை டாக்டர்கள் எடுக்கலாம். இது தாங்க முடியாத கேள்வி. நின்றபடி பதில் சொல்ல வேண்டாம். இருவரும் உட்கார்ந்து பேச நேரம் கேளுங்கள், கேட்டால் கொடுப்பார்கள்.

8. செலவு

சிகிச்சைக்கு நீங்களோ காப்பீடோ பணம் கட்டும் இடத்தில் இருந்தால் இந்தப் பகுதி உங்களுக்கு.

டியூபை எடுத்த அன்றே பில் இறங்கிவிடும் என்று கணக்குப் போடாதீர்கள். அதற்குப் பிறகும் மூக்கு வழியே வேகமாக ஆக்சிஜன் தரும் ஹைஃப்ளோ மெஷினோ முகமூடி மெஷினோ வேண்டியிருக்கலாம், அவற்றின் குழாயும் முகமூடியும் தனிக் கணக்கில் வரலாம், ஐசியு படுக்கை குறைந்தது ஓரிரு நாள் தொடரும், அப்புறம் வார்டு, பிசியோதெரபி, மருந்து குறைக்கும் நாட்கள். கையில் இருக்கும் பணத்தை எடுக்கும் நாள் வரைக்கும் நீட்டாமல், அதற்குப் பின்னால் ஒரு வாரத்துக்கும், மறுபடி போட வேண்டி வந்தால் என்ன செய்வது என்பதற்கும் சேர்த்துத் திட்டமிடுங்கள்.

கடைசியில் மொத்தமாகப் பார்க்காமல், இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை இடைக்கால பில் கேளுங்கள். வென்டிலேட்டர் கட்டணம் மணிக்கா நாளுக்கா என்று தெரிந்துகொள்ளுங்கள். எடுத்த தேதியையும் நேரத்தையும் குறித்துவைத்து, அதற்குப் பிறகும் அந்தக் கட்டணம் ஓடுகிறதா என்று சரிபாருங்கள்.

காப்பீட்டில் பொதுவாக ஒரு தொகைக்கோ சில நாட்களுக்கோதான் முதலில் ஒப்புதல் வரும். அது முடிவதற்கு இரண்டு நாள் முன்பே நீட்டிப்பு கேட்கச் சொல்லுங்கள். அதற்கு டாக்டரின் குறிப்பு வேண்டும், "இன்னும் ஏன் வென்டிலேட்டர் தேவை" என்று அதில் இருக்க வேண்டும். விடுமுறை நாள் குறுக்கே வந்தால் தாமதமாகும். எதெல்லாம் காப்பீட்டில் வராது என்ற பட்டியலை எழுத்தில் வாங்குங்கள். கையுறை, குழாய், வடிகட்டி மாதிரி ஒரு தடவை பயன்படுத்தும் பொருட்கள்தான் சத்தமில்லாமல் சேர்ந்துகொண்டே போகும்.

9. எடுக்கும் நாள்

முதலில் பாலையோ ஊட்டத்தையோ நிறுத்துவார்கள், பல இடங்களில் 4 முதல் 6 மணி நேரம் முன்பு. திணறினால் மறுபடி டியூப் போட வேண்டும், அப்போது வயிறு நிறைந்திருந்தால் வாந்தி நுரையீரலுக்குள் போகும். காலையில் நிறுத்திவிட்டு, வேறொரு அவசரக் கேஸ் வந்து நம் முறை மாலைக்குத் தள்ளிப்போவதும், கடைசியில் நாளைக்கு என்று ஆவதும் ஐசியுவில் சகஜம். அப்படி ஆனால் ஊட்டத்தையோ சர்க்கரை கலந்த டிரிப்பையோ திரும்பத் தொடங்கினார்களா என்று மட்டும் கேளுங்கள்.

பெரும்பாலும் பகலில், ஆட்கள் நிறைய இருக்கும்போது எடுப்பார்கள். எடுக்கும் செயல் ஒரு நிமிடம்கூட ஆகாது: சக்‌ஷன், ஒட்டியிருக்கும் பிளாஸ்திரியைக் கழற்றுவது, டியூபின் பலூனில் காற்றை இறக்குவது, இழுப்பது, ஆக்சிஜன் வைப்பது. நீங்கள் வெளியே நிற்கச் சொல்லப்படலாம். அரை மணி ஆகியும் கூப்பிடவில்லை என்று பதறாதீர்கள், எடுத்தபின் கொஞ்ச நேரம் குழந்தையை விட்டு நகர மாட்டார்கள்.

10. அடுத்த 48 மணி நேரம்

இந்த இரண்டு நாளைத்தான் நான் எல்லோரிடமும் அழுத்திச் சொல்கிறேன். எடுத்தாயிற்று என்று வீட்டுக்கு ஓடிப்போய் அசந்து தூங்கிவிட வேண்டாம், ஒருவராவது கூப்பிடு தூரத்தில் இருங்கள்.

குரல் கரகரப்பாக, மெல்லியதாக இருக்கும். சில நாளில் சரியாகும். மூச்சை உள்ளே இழுக்கும்போது கர்ரென்று ஒரு சத்தம் வந்தால் தொண்டை வீக்கம். கைக்குழந்தையின் மூச்சுக்குழல் 4 மில்லிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால், சுற்றிலும் ஒரே ஒரு மில்லிமீட்டர் வீங்கினாலும் திறந்திருக்கும் பரப்பில் முக்கால் பங்கு போய்விடும். அதனால்தான் பெரியவர்களுக்கு ஒன்றுமில்லாத வீக்கம் குழந்தைக்குப் பெரிய விஷயமாகிறது. அட்ரினலின் ஆவி கொடுப்பார்கள், உடனே தணியும். அதன் பலன் ஓரிரு மணி நேரம்தான் என்பதால் சத்தம் திரும்ப வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு இருங்கள், வந்தால் உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள்.

மூக்கில் ஹைஃப்ளோவோ, தொடர்ந்து காற்றழுத்தம் கொடுக்கும் சிபேப் முகமூடியோ வைத்தால் நிலைமை மோசம் என்று அர்த்தமில்லை. பல குழந்தைகளுக்கு இது திட்டமிட்ட படிக்கட்டு. எது நல்லது என்று கேட்பவர்களுக்கு: 2022-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் ஹைஃப்ளோவில் போன குழந்தைகள் மூச்சு உதவி எல்லாவற்றிலிருந்தும் விடுபட நடுமதிப்பாக 50.5 மணி, சிபேப்பில் 42.9 மணி. ஒரு வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சிபேப்பில் தொடங்கலாம் என்று 2023 வழிகாட்டலும் சொல்கிறது. ஆனால் முகமூடியைச் சகிக்காமல் போராடும் குழந்தைக்கு எது ஒத்துவருகிறதோ அதுதான் அதற்கு நல்லது.

உடனே பால் கொடுக்கத் துடிக்காதீர்கள். பல நாள் டியூப் இருந்த தொண்டைக்கு விழுங்குவது மறந்தது போல இருக்கும், புரையேறும். டாக்டர் சொன்ன பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக. தண்ணீர்கூட கேட்டுவிட்டு.

11. மறுபடி போட வேண்டி வந்தால்

வரும். எல்லோருக்கும் இல்லை, ஆனால் எல்லா ஐசியுவிலும் ஒரு பங்கு குழந்தைகளுக்கு வரும். இது உங்கள் குழந்தையின் தோல்வியோ யாருடைய அலட்சியமோ ஆக வேண்டியதில்லை. தேவைப்படும்போது தயங்காமல் சீக்கிரம் போடுவதுதான் பாதுகாப்பு. தாமதிப்பதுதான் ஆபத்து.

அன்றைக்கு எதையும் கேட்க மனம் வராது. மறுநாள் கேளுங்கள்: தொண்டையாலா, நுரையீரலாலா, தசை பலவீனத்தாலா, இதயத்தாலா, சளியாலா? காரணத்தைப் பொறுத்து அடுத்த முயற்சி மாறும். தொண்டை என்றால் காது மூக்கு தொண்டை நிபுணர் உள்ளே பார்க்க வேண்டுமா என்று கேட்கலாம். தசை என்றால் நரம்பியல் டாக்டர். இதயம் என்றால் எக்கோ எனும் இதய ஸ்கேன். ஒன்றும் மாறாமல் அதே முறையில் இரண்டாம் தடவை எடுக்கப் போகிறார்கள் என்று தோன்றினால், "இந்தத் தடவை என்ன வித்தியாசமா செய்யப் போறோம்?" என்று மரியாதையோடு கேளுங்கள்.

வாரக்கணக்கில் முடியவில்லை என்றால் ட்ரக்கியாஸ்டமி பற்றிப் பேசுவார்கள், கழுத்தில் சின்னத் துளை போட்டு அதன் வழியே குழாய். குழந்தைகளுக்கு இத்தனையாவது நாளில் போட வேண்டும் என்று ஒரு பொது விதி இல்லை. அதற்குப் பிறகு மயக்க மருந்து பெருமளவு குறையும், குழந்தையைத் தூக்கலாம், விளையாட வைக்கலாம், பலருக்குப் பின்னால் எடுத்தும் விடுவார்கள். அதற்கு ஒப்புக்கொள்ளும் முன் கேட்க வேண்டியது வீட்டைப் பற்றி: குறைந்தது இரண்டு பேர் குழாய் மாற்றவும் சக்‌ஷன் போடவும் பயிற்சி எடுக்க வேண்டும், சக்‌ஷன் மெஷின், கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் அம்பு பேக், அதே அளவிலும் ஒரு அளவு சின்னதாகவும் உபரிக் குழாய், மின்சாரம் போனால் மாற்று வழி. இதற்கான பயிற்சியும் கருவி வாங்குவதும் வாரங்கள் எடுக்கும், டிஸ்சார்ஜ் தேதி சொல்லும் வரை காத்திருக்க வேண்டாம்.

12. வார்டுக்குப் போகும்போது

ஐசியு வாசலைத் தாண்டும்போது தகவல் சிந்துகிறது. குறைத்துக்கொண்டிருந்த மயக்க மருந்தின் அட்டவணை வார்டு சீட்டில் வந்திருக்கிறதா என்று நீங்களே பாருங்கள், வரவில்லை என்றால் அங்கேயே நின்று கேளுங்கள். வார்டில் திடீர் நடுக்கமும் தூக்கமின்மையும் வந்தால் இந்தக் காகிதம்தான் காரணத்தைச் சொல்லும்.

குழந்தை சில வாரம் ஒட்டிக்கொண்டே இருக்கலாம், ராத்திரி அலறலாம், நடந்த பிள்ளை தவழலாம், பேசின பிள்ளை பேசாமல் இருக்கலாம். பெரும்பாலும் மெதுவாகத் திரும்பும். பிசியோவைத் தள்ளிப்போடாதீர்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் இவை இருக்கின்றனவா என்று கையெழுத்துப் போடும் முன் படியுங்கள்: டியூப் போட்ட, எடுத்த தேதிகள், டியூபின் அளவு, மறுபடி போட்டிருந்தால் அதன் காரணம், எடுத்த பின் கர்ர் சத்தம் வந்ததா, எந்தெந்த மயக்க மருந்து எத்தனை நாள், வீட்டில் தொடர வேண்டிய மருந்தின் அளவும் நிறுத்தும் தேதியும், விழுங்கும் பரிசோதனை செய்தார்களா, எந்த அறிகுறி வந்தால் உடனே திரும்ப வர வேண்டும், ராத்திரி நேரத்தில் யாரைக் கூப்பிட வேண்டும். அடுத்த சில வாரத்தில் குரல் இன்னும் கரகரப்பாகவே இருந்தாலோ, ஓடும்போதும் அழும்போதும் மூச்சில் சத்தம் வந்தாலோ, மூச்சுக்குழல் சுருங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாதாரணச் சளி என்று வீட்டு மருத்துவம் பார்க்காமல் அந்தச் சம்மரியையும் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.